தலைமை நாற்காலி இல்லாத கூட்டம்



டோர்செட் பார்க் வலயத்தின் அடுத்த கூட்டத்துக்கு நான் தலைமை தாங்கப்போவதில்லை என்று சென்ற ஞாயிறு அறிவித்தேன். அன்று தொடக்கம் பலர் காரணம் கேட்டு வருகிறீர்கள். "சுவாமிக்கு எங்களோடை ஏதும் மனவருத்தமோ?" என்று ஓர் அம்மா தொலைபேசியில் கேட்டார். நீண்டகாலம் சங்கங்களில் பணியாற்றிய பெரியவர் ஒருவர், "தலைவரும் இல்லை, நிகழ்ச்சிநிரலும் இல்லை என்றால் அது கூட்டமா, சந்தையா?" என்றார். மனவருத்தம் எதுவும் இல்லை. சந்தை என்ற சொல்லுக்கு மட்டும் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

இந்தக் கூட்டம் எதற்காக என்பது உங்களுக்குத் தெரியும். கென்னடி சாலையை ஒட்டிய தொடர்மாடிகளிலும் எல்ஸ்மியர், லோரன்ஸ் வீதிகளுக்கு இடைப்பட்ட வீடுகளின் நிலக்கீழ் அறைகளிலும் நம் முதியோர் பலர் பகல் முழுவதும் தனித்திருக்கிறார்கள். பிள்ளைகள் இரண்டு வேலைக்கு ஓடுகிறார்கள். பேரப்பிள்ளைகள் பாடசாலையிலிருந்து திரும்பும்வரை தொலைக்காட்சியும் செபமாலையுமே துணை. மார்கழி தொடங்கினால் திருப்பலிக்கும் வர இயலாது. இவர்களுக்கு நாம் என்ன செய்யலாம் என்று பேசத்தான் கூடுகிறோம். நமது வழக்கமான முறையில் கூடினால், அந்த முதியோரைப் பற்றி எல்லாரும் பேசுவோம். அவர்கள் முன்வரிசையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். என் அச்சம் இதுதான்.

நமது கூட்டங்களின் ஒழுங்கு உங்களுக்கு மனப்பாடம். மங்கல விளக்கேற்றல், அகவணக்கம், தமிழ்மொழி வாழ்த்து, கனடியப் பண், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, சிறப்புரை, பொன்னாடை, நன்றியுரை. இடையில் "சபையோர் கருத்துரை" என்று பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் ஒலிவாங்கியை முதலில் பிடிப்பவர் யார் என்பதும் நமக்கு முன்பே தெரியும். இந்த ஒழுங்கை நான் இகழவில்லை. இறந்தோரை நினைத்து எழுந்து நிற்கும் அந்த ஒரு நிமிடம் புலம்பெயர்ந்த ஓர் இனத்துக்கு எவ்வளவு பெரியது என்பதை அறிவேன். விழாவுக்கு அது பொருத்தமான ஒழுங்கு. ஒன்றாகச் சிந்திப்பதற்கு அது உதவாது. நம்பாதவர்கள் அடுத்த முறை ஒரு தாளை மடியில் வைத்துக்கொண்டு கணக்கெடுத்துப் பாருங்கள்: மண்டபத்தில் எத்தனை பேர், பேசியவர் எத்தனை பேர், அவர்களுள் பெண்கள் எத்தனை பேர், முப்பது வயதுக்கு உட்பட்டோர் எத்தனை பேர்.

இதே சலிப்பிலிருந்து ஒரு முறையைக் கண்டவர் ஹரிசன் ஓவன் என்ற அமெரிக்கர். அவரும் ஒரு குருவானவராக அருட்பொழிவு பெற்றவர். எபிஸ்கோப்பல் சபையைச் சேர்ந்தவர். 1960களில் மேற்கு ஆபிரிக்காவின் லைபீரிய நாட்டில் வாழ்ந்தபோது, ஒரு கிராமத்து மக்கள் வட்டமாகக் கூடித் தங்கள் விழாவை நடத்திய விதம் அவர் மனத்தில் பதிந்தது. பல ஆண்டுகளின் பின் பெரிய மாநாடு ஒன்றை ஒரு வருடம் உழைத்து ஒழுங்குசெய்தார். முடிவில் அவருக்குக் கிடைத்த பாராட்டு, தேநீர் இடைவேளைகள்தாம் மிகப் பயனுள்ளவையாய் இருந்தன என்பது. அந்த இடைவேளைகளையோ அவர் ஒழுங்குசெய்யவில்லை! 1985இல் கலிபோர்னியாவில் அடுத்தொரு மாநாட்டை வேறு விதமாகத் தொடங்கினார். நாற்காலிகள் ஒரே வட்டம். சுவர் வெறுமை. யாருக்கு எதைப் பற்றி உண்மையான அக்கறை உண்டோ அவர் எழுந்து, அதைத் தாளில் எழுதி, இடமும் நேரமும் குறித்துச் சுவரில் ஒட்ட வேண்டும். விரும்பியவர்கள் அந்த மூலைக்குப் போய்ப் பேச வேண்டும். ஒரு வருடம் பிடித்த நிகழ்ச்சிநிரல் சில மணி நேரத்துக்குள் உருவாகிவிட்டது. "திறந்த வெளி" என்று பொருள்படும் ஓப்பன் ஸ்பேஸ் என்ற பெயரில் இன்று பல நாடுகளில் இம்முறை கையாளப்படுகிறது. சுவரில் தாள்களை ஒட்டி, பார்த்து, தெரிவுசெய்யும் அந்தக் கட்டத்தை அம்முறையினரே சந்தை என்றுதான் அழைக்கிறார்கள். ஆகவே பெரியவர் கேட்ட கேள்வியிலேயே விடையும் இருந்தது.

இது வெள்ளைக்காரர் முறை, நமக்குச் சரிவராது என்று சொல்வோருக்கு நமது ஊரின் வரலாற்றையே நினைவூட்டுகிறேன். 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கையில் வீழ்ந்தது. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். ஒரு குருவுக்கு அடைக்கலம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றம் ஆயிற்று. புனித யோசவ்வாஸ் அடிகளார் கோவாவிலிருந்து ஒரு கூலியாளின் கோலத்தில் வந்து சேர்ந்தது 1687இல். நடுவில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். நம் முன்னோரின் விசுவாசம் அந்த முப்பது ஆண்டுகளையும் கடந்து நின்றதற்குப் பங்குத்தந்தையர் காரணரல்லர், அப்போது அவர்கள் அங்கே இல்லையே! பின்னர் வந்த யோசவ்வாஸ் அடிகளாரும் அவருடைய தோழர்களும் நாடு முழுவதையும் தாங்களே சுற்றி முடிக்க இயலாது என்பதை உணர்ந்து, இடத்துக்கு இடம் மூப்பரையும் அண்ணாவியையும் பொறுப்பாக்கினார்கள். செபம் சொல்வதும், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பிப்பதும், நோயாளரைப் பார்ப்பதும், குருவானவர் இரகசியமாய் வரும் இரவுக்கு மக்களை ஆயத்தப்படுத்துவதும் அவர்களின் பணிகள். இன்று அண்ணாவி என்றால் நாட்டுக்கூத்துத்தான் நினைவுக்கு வருகிறது. ஒருகாலத்தில் அச்சொல் ஆலயத்தின் உயிர்மூச்சாய் இருந்த மனிதரையும் குறித்தது. சில்லாலைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் நம் பங்கில் இருக்கின்றன. உங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

உத்திரமேரூர்க் குடவோலையைச் சிலர் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள் என்பதும் தெரியும். சொல்லலாம். பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டப்பட்ட அக்கல்வெட்டுகளில் நமது சங்கங்கள் சட்டம் போட்டு மாட்டத்தக்க விதிகள் இருக்கின்றன. முந்திய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வர முடியாது. கணக்குக் காட்டாதவர் வர முடியாது; அவருடைய உறவினரும் வர முடியாது. (இந்த ஒரு விதியை இன்று நடைமுறைப்படுத்தினால் ஸ்காபரோவில் எத்தனை சங்கங்கள் மிஞ்சும் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை.) ஆனால் அந்தக் குடத்துக்குள் யாருடைய பெயர் விழலாம் என்பதையும் அதே கல் சொல்கிறது: சொந்த நிலமும் சொந்த வீடும் உடையவர், முப்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் இடைப்பட்ட வயதினர், வேதம் கற்றவர். பிராமண ஆண்கள் மட்டுமே அங்கு அமர்ந்தனர். வயலில் நின்றவனுக்கு அதில் ஓலை இல்லை. பெண்களுக்கும் இல்லை. எவ்வளவு நேர்த்தியான முறையாயினும், வட்டத்துக்குள் யார் அமர அனுமதிக்கப்பட்டார் என்ற கேள்வியை அது தீர்த்துவைப்பதில்லை.

தொடக்கத் திருச்சபையில் எழுந்த முதல் உட்பூசலே இக்கேள்வியிலிருந்துதான் பிறந்தது. திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தை இன்றிரவு வீட்டில் வாசியுங்கள். கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் அன்றாடப் பங்கீட்டில் கவனிக்கப்படவில்லை என்ற முறைப்பாடு எழுகிறது. அவர்கள் யார்? புலம்பெயர்ந்த யூதக் குடும்பங்கள். வேற்று நாட்டில் வளர்ந்து, முன்னோரின் மொழி நாவில் நிலைக்காதவர்கள். நமது பிள்ளைகளைப் போல. திருத்தூதர்கள் ஒரு விசாரணைக் குழுவைத் தாங்களே நியமிக்கவில்லை. எல்லாரையும் கூட்டினார்கள், நீங்களே எழுவரைத் தெரிந்தெடுங்கள் என்றார்கள். தெரிவான எழுவரின் பெயர்களையும் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கொலா. அத்தனையும் கிரேக்கப் பெயர்கள். முறையிட்ட தரப்பிடமே பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது.

உரோமையும் அண்மையில் நாற்காலிகளை மாற்றிப் போட்டது. 2023 ஒக்டோபரில் கூடிய ஆயர் மாமன்றத்தின் படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முன்னைய மாமன்றங்களில் திரையரங்கு போன்ற மண்டபத்தில் வரிசையாக, பதவி ஒழுங்கின்படி அமர்ந்தார்கள். இம்முறை ஆறாம் பவுல் மண்டபத்தில் வட்ட மேசைகள். கர்தினாலுக்கு அருகில் ஓர் ஆசிரியை, ஆயருக்கு அருகில் ஓர் இளைஞர். வாக்குரிமையோடு ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள், மாமன்ற வரலாற்றில் முதன்முறையாக. அவர்கள் கையாண்ட முறைக்குத் தூய ஆவியாரில் உரையாடல் என்று பெயர். முதல் சுற்றில் ஒவ்வொருவரும் நான்கு நிமிடம் பேசுவார். எவரும் குறுக்கிட இயலாது. பின் மௌனம். இரண்டாம் சுற்றில் தன் கருத்தைத் திரும்பச் சொல்ல இடமில்லை. மற்றவர் சொன்னதில் எது என் உள்ளத்தைத் தொட்டது, எது உறுத்தியது என்று மட்டும் சொல்லலாம். மீண்டும் மௌனம். மூன்றாம் சுற்றில்தான் ஒன்றாக முடிவை நோக்கி நகர்வார்கள்.

அந்த இரண்டாம் சுற்று நமக்கு மிகவும் வேண்டியது. நம்மவர் பலர், பிறர் பேசும் நேரத்தைத் தம் அடுத்த பேச்சை ஆயத்தப்படுத்தும் நேரமாகவே கொள்கிறோம். மற்றவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லியாக வேண்டும் என்று வரும்போதுதான் செவி திறக்கிறது.

இனி, ஓவன் அவர்களோடு நான் உடன்படாத இடம். வந்திருப்பவர்களே வரவேண்டியவர்கள் என்பது அவருடைய முறையின் முதல் கொள்கை. வந்தவர்களை மதி, வராதவர்களுக்காகப் புலம்பாதே என்ற பொருளில் அது நல்லது. டோர்செட் பார்க்கில் அதை அப்படியே ஏற்க என்னால் முடியாது. இரவு வேலைக்குப் போகும் தந்தை வரமாட்டார். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அம்மம்மா வரமாட்டார். லோரன்ஸ் ஈஸ்ட், எல்ஸ்மியர் நிலையங்களில் நின்று போன ஸ்காபரோ ரயில் 2023 ஜூலையில் தடம்புரண்டபின் மீண்டும் ஓடவேயில்லை. பனியில் பேருந்துக்குக் காத்து நின்று வருமாறு எழுபத்தெட்டு வயதானவரை நான் கேட்கவும் மாட்டேன். எவருக்காகக் கூட்டம் கூடுகிறோமோ அவர்களே வர இயலாத நிலையில், வந்தவர்களே போதும் என்று நாம் தொடங்கினால், உத்திரமேரூரின் குடத்தையே வேறு வடிவில் செய்துவைத்தவர்கள் ஆவோம்.

இரண்டு கால்களின் விதி என்று அவர் ஒன்று சொல்வார். நீ இருக்கும் குழுவில் கற்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை என்றால், எழுந்து வேறு குழுவுக்குப் போ என்பது. பெரியவர் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது இளையவர் எழுந்து போவதை நம் வீடுகளில் எப்படிப் பார்ப்பார்கள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவே எவரும் எழ வேண்டாம். குறித்த நேரத்தில் மணி அடிக்கும், அப்போது எல்லாரும் எழுந்து விரும்பிய மூலைக்குப் போகலாம். மரியாதையும் காக்கப்படும், நாற்பது நிமிட உரையும் தடுக்கப்படும்.

இதைவிடப் பாரமான ஒன்றும் உண்டு. எழுதத் தயங்கினேன், ஆயினும் எழுதாமல் விட முடியவில்லை. நம்முள் பலர் பொதுக்கூட்டத்தில் வாய்திறவாமல் இருப்பதற்குக் கூச்சம் மட்டும் காரணம் அல்ல. கூட்டத்தில் என்ன சொன்னான், யாரோடு நின்றான் என்பது மறுநாள் ஒருவனுடைய உயிரோடு விளையாடக்கூடிய காலத்தில் நாம் வாழ்ந்தோம். யார் பெயர் எந்தப் பட்டியலில் ஏறும் என்று தெரியாத காலம் அது. கடல் கடந்து வந்து முப்பது வருடம் ஆன பின்னும் அந்த மௌனம் உடலுக்குள் இருக்கிறது. ஒப்புக்கொடுத்தலின்போது உரத்துப் பாடும் மனிதர், "உங்கள் அபிப்பிராயம் என்ன?" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறார். அவரைச் சுறுசுறுப்பற்றவர் என்று சொல்லிவிடாதீர்கள். பெரிய மண்டபத்தில் ஒலிவாங்கியின் முன் பேசாத அவர், ஐந்து பேர் சேர்ந்த வட்டத்தில், தேநீர்க் கோப்பை கையில் இருக்கையில் பேசுவார். நான் பார்த்திருக்கிறேன். இந்தக் கூட்டத்தில் ஒளிப்பதிவு இல்லை, முகநூல் நேரலை இல்லை, வருகைப் பட்டியலில் கையொப்பம் இல்லை. படம் எடுக்காத தமிழ் நிகழ்வா என்று சிரிக்க வேண்டாம். காரணம் இதுவே.

நான் ஏன் தலைமையில் இல்லை என்ற முதல் கேள்விக்கு வருகிறேன். பங்குத்தந்தை வட்டத்தில் அமர்ந்தாலும் அவர் பங்குத்தந்தையே; அவர் தலையசைக்கும் பக்கம் கூட்டமும் சாயும். எனவே குழுப் பேச்சு முடியும்வரை நான் சமையலறையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருப்பேன். இது பணிவுக் காட்சி என்று எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் பேச்சுக்கு என் முகம் தடையாகாதிருக்க இது எளிய வழி, அவ்வளவே.

எது உங்கள் கையில், எது இல்லை என்பதையும் முன்னரே தெளிவாகச் சொல்வது என் கடமை. சொல்லாமல் விட்டுப் பின்னர் மறுப்பது மக்களை ஏமாற்றுவதாகும். திருச்சபைச் சட்டத்தின் 536ஆம் இலக்கம் பங்குப் பேரவைக்கு ஆலோசனை வாக்கையே தருகிறது. மண்டபத்தை விற்பது, திருப்பலி நேரத்தை மாற்றுவது போன்றவை ஒரு வலயக் கூட்டத்தில் முடிவாகா. அதே சட்டத்தின் 212ஆம் இலக்கம், திருச்சபையின் நலன் குறித்த தம் கருத்தை மேய்ப்பர்களுக்குத் தெரிவிப்பது இறைமக்களின் உரிமை என்றும், சில வேளைகளில் கடமை என்றும் கூறுகிறது. 2024 ஒக்டோபர் 26இல் நிறைவேறிய மாமன்றத்தின் இறுதி ஆவணம், "ஆலோசனை மட்டுமே" என்ற சட்டச் சொல்லாட்சி மீளாய்வு செய்யப்பட வேண்டும் என்கிறது. பங்குப் பேரவைகளைக் கட்டாயமாக்கவும் முன்மொழிகிறது. புனித ஆசீர்வாதப்பரும் தம் மடத்து ஒழுங்கின் மூன்றாம் அதிகாரத்தில், முக்கிய காரியங்களில் மடத்தவர் அனைவரையும் அழைக்கச் சொல்கிறார். சிறந்ததை ஆண்டவர் பலமுறை இளையவருக்கே வெளிப்படுத்துகிறார் என்பது அவர் காட்டும் காரணம். இறுதி முடிவு மடாதிபதியிடம் இருந்தது உண்மைதான். கேட்டபின் முடிவெடுப்பதும் கேளாமல் முடிவெடுப்பதும் ஒன்றல்ல என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

ஆயினும் இம்முறை நாம் பேசப்போவதில் பெரும்பகுதிக்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. ஒரே தொடர்மாடியில் நான்காம் தளத்தில் இருப்பவர் ஒன்பதாம் தளத்தில் இருப்பவரின் கதவைக் காலையில் ஒருமுறை தட்டுவதற்குப் பேராயரிடம் கடிதம் வாங்க வேண்டுமா? வியாழன் பகலில் ஆறு முதியோர் ஒரு வீட்டில் கூடிச் செபமாலை சொல்லிக் கஞ்சி குடிப்பதற்கு என் கையொப்பம் எதற்கு? 2005இல் ரொறன்ரோ நகரசபை, தேவைக்கு ஏற்ற சேவைகள் இல்லாத பதின்மூன்று அயற்பகுதிகளை முன்னுரிமைக்குரியவை எனப் பெயரிட்டது. டோர்செட் பார்க் அவற்றுள் ஒன்று. யுனைற்றட் வே அமைப்பு, குடியிருப்பாளர்களே தங்கள் பகுதியின் தேவைகளைப் பேசி முடிவுசெய்யும் முயற்சியை அப்பகுதிகளில் முன்னெடுத்தது. இன்று கென்னடி சாலையில் சமூக மையம் ஒன்றும் இருக்கிறது. அந்தக் கதவு நமக்கும் திறந்ததுதான். நம் முதியோருக்கான எல்லாவற்றையும் தமிழ்க் கத்தோலிக்கர் மட்டுமே, ஆலய மண்டபத்தில் மட்டுமே செய்ய வேண்டும் என்று நான் கருதவில்லை. பக்கத்து வீட்டுப் பிலிப்பைன்ஸ் அம்மாவும் தனியாகத்தான் இருக்கிறார்.

கூட்டம் இப்படி நடக்கும். ஒரே வட்டமாக நாற்காலிகள். தொடக்கச் செபமும் இறந்தோருக்கான அகவணக்கமும் இருக்கும், உரைகள் இல்லை. வெறும் தாள்கள் நடுவில் கிடக்கும். பேச விரும்பும் பொருளை எவரும் எழுதலாம். தன் பெயரை எழுத வேண்டியதில்லை. மூன்று மூலைகள், மூலைக்கு ஏழெட்டுப் பேர். கணவனும் மனைவியும் வேறு வேறு மூலையில் அமர வேண்டும். இதில் விதிவிலக்குக் கேட்டு எனக்கு எழுத வேண்டாம். ஆளுக்கு இரண்டு நிமிடம், மௌனம், பின் இரண்டாம் சுற்று. பிள்ளைகள் ஆங்கிலத்தில் பேசலாம், அருகில் இருப்பவர் பெரியவர்களுக்குத் தமிழில் சொல்வார். பெரியவர்கள் பேசுவதைப் பிள்ளைகளுக்கும் அப்படியே. ஒவ்வொரு குழுவிலும் நெறியாளர் ஒருவர் இருப்பார். நேரம் பார்ப்பதும் பேசாதவர் பக்கம் திரும்புவதும் மட்டுமே அவர் வேலை. அவருக்குச் சொந்தக் கருத்துச் சொல்லும் உரிமை அன்று இல்லை. முடிவில் ஒரே ஒரு தாள்: என்ன செய்வது, யார் செய்வது, எந்தத் திகதிக்குள். பொறுப்பேற்றவரின் பெயர் மட்டும் அதில் இருக்கும். ஆள் கிடைக்காத யோசனை எவ்வளவு அழகானதாயினும் தாளில் ஏறாது.

வர இயலாதவர்களிடம் நாம் போக வேண்டும். ஆகவே கூட்டத்துக்கு முந்திய வாரத்தில் இளையோர் இருவர் இருவராகச் சென்று, பகலில் தனித்திருக்கும் முதியோரின் அருகில் அமர்ந்து, "உங்களுக்கு ஒரு நாளில் எந்த நேரம் மிக நீளமாக இருக்கிறது?" என்ற ஒரே கேள்வியைக் கேட்டு, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதி வருவார்கள். அந்தத் தாள்களே வட்டத்தின் நடுவில் முதலில் வைக்கப்படும்.

இதற்குப் பன்னிரண்டு இளையோர் வேண்டும். இதுவரை ஏழு பேர் முன்வந்திருக்கிறார்கள். கென்னடி சாலைத் தொடர்மாடிகளிலிருந்து முதியோரை ஏற்றி இறக்க நான்கு வாகனங்களும், குழந்தைகளைப் பக்கத்து அறையில் பார்த்துக்கொள்ள இரண்டு பேரும் தேவை. இயன்றவர்கள் வரும் ஞாயிறு திருப்பலிக்குப் பின் என்னைச் சந்தியுங்கள். நாற்காலிகளை வட்டமாக அடுக்க, அன்று அரை மணி நேரம் முன்னதாக வருபவர்களும் வேண்டும்.

இறை ஆசியுடன்,
உங்கள் பங்குத்தந்தை